பூ மணம் எவ்வளவு தூரம் வரும்? உம்மாவின் கேள்வியும் கல்முனைக் கரையின் காற்றும்

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பெற்றோல் நிலையங்களின் முன்னால் வரிசைகள் நாட்கணக்கில் கிடந்தன. மருதமுனையில் எங்கள் ஒழுங்கையால் முச்சக்கர வண்டி ஒன்று போனாலே எல்லோரும் எட்டிப் பார்க்கும் காலம். மின்சாரமும் இல்லாத ஓர் இரவில், இஷாத் தொழுகையை முடித்துக்கொண்டு கடப்படிக்கு வந்த உம்மா மூச்சை இழுத்தபடி நின்றார்.

“மகள், இஞ்ச வா. மல்லிகை மணம் ஒழுங்கை வரைக்கும் வருது.”

மல்லிகைப் பந்தல் இருப்பது கிணற்றடியில். கடப்படிக்கும் அதற்கும் இடையில் முழு வளவும் கிடக்கிறது. வழமையான நாளில் பந்தலுக்குக் கீழே போய் நின்றால்தான் மணக்கும்.

“கொரோனாக்கு ஊர அடைச்ச நேரமும் இப்பிடித்தான் மணந்த. அதுக்கு முந்தி, பிரச்சினைக் காலத்துல, ஊரடங்கு போட்ட ராவுகள்ள” என்றவர், கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “வாகனம் ஓடாட்டிப் பூ கூட மணக்குமா மகள்?”

நான் படித்தது ஊடகக் கற்கை. இரசாயனத்தைச் சாதாரண தரத்தோடு விட்டுவிட்டவள். அன்று இரவு பதில் சொல்லத் தெரியவில்லை. இது வயதானவரின் நினைவு மயக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, இதே கேள்வியை உலகின் பல ஆய்வுகூடங்கள் இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பது தெரியவந்தது. பூ மணம் காற்றில் எப்படிப் பயணிக்கிறது, எங்கே அறுந்துபோகிறது, அறுந்தால் யாருக்கு நட்டம் என்பதே அந்த ஆய்வுகளின் சாரம். நட்டப்படுபவர்களில் எங்கள் கரையின் தோட்டக்காரர்களும் அடக்கம் என்பதால் இதனை எழுதுகிறேன்.

மணம் என்பது ஒரு பொருள்

பூவின் மணம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆவி. இதழ்களின் மேற்தோல் கலங்களில் உருவாகும் சிறிய காபன் சேர்வைகள் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றில் கலக்கின்றன. 2006இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பூக்களின் மணங்களில் அதுவரை இனங்காணப்பட்ட சேர்வைகள் 1,700க்கும் மேல் எனக் கணக்கிட்டது. எந்தப் பூவும் ஒரே சேர்வையால் மணப்பதில்லை. பலவற்றின் கலவையும் அவற்றின் விகிதமுமே அதன் அடையாளம்.

எங்கள் வீட்டு மல்லிகையை எடுத்துக்கொள்வோம். லினலூல், பென்சைல் அசற்றேற்று, அல்பா-பார்னசீன், இந்தோல் ஆகியன அதன் மணத்தின் முக்கிய கூறுகள். இதில் இந்தோல் விசித்திரமானது. செறிவாகத் தனியே முகர்ந்தால் அது மலநாற்றம். மல்லிகையில் துளியளவு சேரும்போது, மாலை கட்டிய அறையில் நிற்கும் அந்தக் கனத்த மணமாகிறது. கடற்கரைத் தாழையின் மணத்தில் பெரும்பகுதி ஒரே சேர்வை: பீனைல் எதைல் மெதைல் ஈதர். தாழையில் ஆண் பூவுக்கு மட்டுமே அந்த மணம் உண்டு. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் அந்த ஆண் பூக்களை வடித்துத்தான் பிரியாணிக்கு விடும் கேவ்டா நீரை எடுக்கிறார்கள்.

மல்லிகைக்கு நேரக்கணக்கு உண்டு. மொட்டு பொழுது சாய்ந்த பிறகே விரியத் தொடங்கும். மணம் பிறப்பதும் அப்போதுதான். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை அதிகாலையிலேயே மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்புவது இதனால்தான். காலையில் பறித்த மொட்டு, வாங்கியவர் வீட்டில் இரவு மணக்கும். பறித்த வளவில் மணக்காது. இந்தச் சின்ன உண்மையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியில் இதற்குத் திரும்பி வருவேன்.

ஜும்ஆவுக்குப் போகும்போது பூசும் அத்தரின் மணம் மட்டும் ஏன் அஸர் வரை நிற்கிறது? உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் பாரம்பரிய முறையில் அத்தர் வடிப்பவர்கள், பூவைச் செப்புப் பாத்திரத்தில் நீரோடு கொதிக்கவைத்து, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். மெதுவாக ஆவியாகும் சந்தன எண்ணெய், வேகமாக ஓடப் பார்க்கும் பூவின் சேர்வைகளைப் பிடித்துவைக்கிறது. செடியில் இருக்கும் பூவுக்கு அந்தப் பிடி இல்லை. அது வெளியேற்றும் மணம் முழுவதும் காற்றின் கையில்.

காற்று சுமக்கும் விதம்

மணம் தானாகப் “பரவுகிறது” என்று நாம் சொல்கிறோம். அசையாத காற்றில் ஒரு மூலக்கூறு தானாகப் பரவி ஒரு மீற்றரைக் கடக்கப் பல மணித்தியாலங்கள் எடுக்கும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். அப்படியிருந்தால் கிணற்றடி மல்லிகையின் மணம் கடப்படியை அடையுமுன் பூவே வாடிவிடும். மணத்தைச் சுமப்பது வீசும் காற்றுதான்.

அந்தக் காற்றும் மணத்தைத் தண்ணீரில் மை கரைவது போலச் சீராகப் பரப்புவதில்லை. சாம்பிராணிப் புகையைப் பாருங்கள். நூலாக எழுந்து, சுழன்று, கிழிந்து, துண்டு துண்டாகப் போகும். பூ மணமும் அப்படியே இழைகளாகப் போகிறது. ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடையில் மணமே இல்லாத வெற்றுக் காற்று. நாம் ஒழுங்கையில் நடக்கும்போது “சட்டென்று” மணந்து மறைவது அந்த இழை ஒன்று மூக்கைத் தொட்டுப் போவதால்தான்.

எங்கள் கரையில் காற்றுக்குப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கே கடலிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது வெப்பமும் வறட்சியும் கொண்ட கச்சானாக எங்களை அடைகிறது. அக்காலத்தில் பகல் காற்று வயல்வெளியிலிருந்து கடலை நோக்கிப் பாயும். எந்த மணமும் ஊரில் தங்காது.

பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் முக்கியமானது. பகலில் சூடேறிய நிலம் காற்றை மேலே தூக்குகிறது. மணமும் மேலே போய்க் கலைந்துவிடும். சூரியன் மறைந்ததும் நிலம் குளிர, அதை ஒட்டிய காற்று கனத்துத் தரையோடு படிகிறது. இரவில் பூக்கும் பூக்களின் மணம் அந்தத் தாழ்ந்த படைக்குள் அடங்கி, மெல்லிய தரைக்காற்றோடு கடல் பக்கம் நகர்கிறது. இரவில் கடலிலிருந்து கரைக்கு வருவோரை நிலத்தின் மணம் முன்வந்து சந்திப்பது இதனால்தான்.

தேடி வருபவர்கள்

பூ மணக்கும் மணம் நமக்கானதல்ல. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவியின் கூந்தலைவிட மணமுள்ள பூ உண்டா என்று சாட்சிக்கு அழைக்கப்படுவது ஒரு தும்பி. அந்தப் புலவருக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

தேனீக்கும் அந்துப்பூச்சிக்கும் மூக்கு அதன் உணர்கொம்புகள். மண இழை ஒன்று உணர்கொம்பில் பட்டவுடன் அந்துப்பூச்சி காற்றுக்கு எதிராக முன்னேறும். இழை அறுந்தால் அங்கேயே இடமும் வலமுமாகப் பறந்து தேடும். மீண்டும் பட்டால் மீண்டும் முன்னேறும். இப்படித் தட்டித் தடவியே இருளில் பூவை அடைகிறது. பூவைக் கண்ணால் காண முடியாத தூரத்தில் அதற்கு இருக்கும் ஒரே வழிகாட்டி அந்த அறுந்து அறுந்து வரும் இழைதான்.

தேனீக்கு நினைவும் உண்டு. ஒரு மணத்தைக் காட்டி உடனே சீனிப்பாகு கொடுத்தால், சில தடவைகளில் அது பாடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு மணத்தை மட்டும் காட்டினாலும் உறிஞ்சும் நாவை நீட்டும். மணங்களைக் கொண்டு தேனீக்களைப் பழக்கியவர்களில் ஒருவரான கார்ல் வொன் பிரிஷ், தேனீக்களின் நடனமொழியை விளக்கியதற்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆய்வாளர்களின் கருவிகள் இந்த இயல்புகளின் மேல்தான் கட்டப்பட்டுள்ளன. பூவை ஒரு பையால் மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, எந்தச் சேர்வை எவ்வளவு என்று பிரித்தறிகிறார்கள். உணர்கொம்பில் நுண்ணிய மின்வாய் பொருத்தி, எந்தச் சேர்வை பட்டால் அது மின்னதிர்வு காட்டுகிறது என்று பார்க்கிறார்கள். நீண்ட காற்றுச் சுரங்கத்தில் மணத்தை விட்டு, ஒவ்வொரு மீற்றரிலும் என்ன மிஞ்சுகிறது என்று அளக்கிறார்கள். நாவை நீட்டும் தேனீயிடம், “இது நீ படித்த மணம்தானா?” என்று கேட்கிறார்கள். தும்பியிடம் கேட்ட புலவரின் முறைதான் இதுவும்.

புகை தின்னும் பாதை

இங்கேதான் உம்மாவின் கேள்விக்கான விடை தொடங்குகிறது.

பூ வெளியேற்றும் சேர்வைகள் பல, காற்றில் உள்ள பிற மூலக்கூறுகளோடு எளிதில் தாக்கமடைபவை. முக்கியமான எதிரிகள் இரண்டு. ஒன்று, தரைமட்ட ஓசோன். வாகனங்களும் தொழிற்சாலைகளும் வெளியேற்றும் வாயுக்கள் வெயிலில் சமைந்து இது உருவாகிறது. மற்றையது, எஞ்சின்கள் வெளியேற்றும் நைதரசன் ஒட்சைட்டுகள். இவை இரண்டும் சேர்ந்தால் நைத்திரேற்று மூலிகம் என்ற, மிக வேகமாகத் தாக்கமடையும் பொருள் பிறக்கிறது. வெயில் அதைச் சிதைத்துவிடும் என்பதால் அது ஆட்சி செய்வது இரவில். லினலூல் சாதாரணப் பகற்காற்றில் ஒரு மணித்தியாலம் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். இந்த மூலிகம் நிறைந்த இரவில் சில நிமிடங்கள்தான்.

அமெரிக்காவின் வேர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஹோசே புவென்டெஸ் தலைமையிலான குழு 2008இல் இதைக் கணித மாதிரியாக்கியது. 19ஆம் நூற்றாண்டின் தூய்மையான காற்றில் 1,000 முதல் 1,200 மீற்றர் வரை போயிருக்கக்கூடிய பூ மணம், இன்றைய மாசடைந்த நகர்ப்புறக் காற்றில் 200 முதல் 300 மீற்றரில் முடிந்துவிடலாம் என்பது அவர்களின் கணிப்பு.

மாதிரியைத் தொடர்ந்து பரிசோதனைகள் வந்தன. 2013இல் இங்கிலாந்தின் சௌத்ஹாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் ரொபி கேர்லிங்கும் சக ஆய்வாளர்களும், எண்ணெய்க் கடுகு வகை ஒன்றின் மணத்தோடு டீசல் புகையைக் கலந்தார்கள். எட்டுச் சேர்வைகளில் இரண்டு ஒரு நிமிடத்துக்குள் காணாமல் போயின. காரணம் புகையின் நைதரசன் ஒட்சைட்டுகள். அந்த மணத்தைப் படித்திருந்த தேனீக்கள், இரண்டு குறைந்த கலவையை அடையாளம் காணத் தடுமாறின. மறைந்த இரண்டில் ஒன்று அல்பா-பார்னசீன். எங்கள் கிணற்றடி மல்லிகையிலும் இருப்பது அதுவே.

2022இல் ரீடிங் பல்கலைக்கழகக் குழு ஆய்வுகூடத்தை விட்டுத் திறந்த வயலுக்கு வந்தது. கறுப்புக் கடுகுப் பாத்திகளைச் சுற்றிக் குழாய் வளையங்கள் அமைத்து, டீசல் புகையையும் ஓசோனையும் மிதமான அளவில் விட்டார்கள். அந்த அளவுகள் சட்டம் அனுமதிக்கும் எல்லைக்கு உட்பட்டவையே. மகரந்தச் சேர்க்கைப் பூச்சிகள் 62 முதல் 70 சதவீதம் குறைந்தன. பூக்களுக்கான வருகைகள் 83 முதல் 90 சதவீதம் குறைந்தன. விளைச்சல் வழியாக அளந்த மகரந்தச் சேர்க்கை 14 முதல் 31 சதவீதம் வீழ்ந்தது.

அடுத்த ஆண்டு ஒரு காற்றுச் சுரங்கத்தில், ஓசோன் கலந்த மணத்தின் நடுப்பகுதியை 6 மீற்றரில் 52 சதவீதமான தேனீக்கள் இனங்கண்டன. 12 மீற்றரில் அது 38 சதவீதம். மணத்தின் ஓரங்களில் 12 மீற்றருக்கு அப்பால் பத்தில் ஒரு தேனீதான் அதனை அறிந்தது. ஓரத்தில்தான் ஓசோன் அதிகம் கலக்கிறது. ஆகவே மணப்பாதை குட்டையாவது மட்டுமல்ல, ஒடுங்கியும் போகிறது.

2024 பெப்ரவரியில் வோஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் இரவின் கணக்கை வெளியிட்டார்கள். இரவில் பூக்கும் வெள்ளைப் பூ ஒன்றின் மணத்தை நைத்திரேற்று மூலிகம் சிதைத்தபோது, அதைத் தேடிவரும் பருந்து அந்துப்பூச்சிகளின் வருகை 70 சதவீதம் குறைந்தது.

நமக்கு அருகிலும் ஒரு கணக்கு உண்டு. பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் கீதா திம்மேகௌடா, ஷனன் ஓல்சன் ஆகியோரின் குழு, இலங்கையிலும் வாழும் பெருந்தேனீ இனத்தில் 1,800க்கும் மேற்பட்ட தேனீக்களை நான்கு ஆண்டுகள் ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டது. மாசடைந்த இடங்களில் பூக்களுக்கு வந்த தேனீக்கள் குறைவு. அங்கு பிடிக்கப்பட்ட தேனீக்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை 24 மணித்தியாலங்களுக்குள் இறந்தன. புகை மணத்தின் பாதையை மட்டுமல்ல, பாதையில் வருபவரையும் அழிக்கிறது.

புடோல் பந்தலின் கீழே

இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு எதற்கு? நிந்தவூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாலைநேரம் நின்றபோது எனக்குப் புரிந்தது.

புடோலங்காய்ப் பந்தல். காய்கள் நேராக வளர நுனியில் சிறு கல் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். புடோல் பூ வெள்ளை. ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். பொழுது சாய்ந்த பிறகே விரியும். ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறு. ஆகவே மகரந்தத்தை யாராவது சுமந்துவர வேண்டும். இரவில் பூக்கும் அந்தப் பூவுக்கு அந்துப்பூச்சிதான் உதவி. மாலையில் விரியும் சுரைப்பூவின் கதையும் அதுவே. வெள்ளரி, பாகல், பூசணி, வத்தகை எல்லாம் பகலில் தேனீக்களை நம்பியிருக்கின்றன. பூச்சி வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும்.

“முந்தி இவ்வளவு உதிராது தங்கச்சி” என்றார் தோட்டக்காரக் காக்கா. இப்போது அவர் இரவில் டோர்ச் பிடித்துக்கொண்டு ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தானே தடவுகிறார். “இதுவும் ஒரு கூலி வேலதான். யாரும் தாற கூலியில்ல.”

பிஞ்சு உதிர்வதற்கு வெப்பம், கிருமிநாசினி, மண், நீர் என்று பல காரணங்கள் உண்டு. புகையை மட்டும் குற்றவாளியாக்க நான் வரவில்லை. ஆனால் அவர் தோட்டத்திலிருந்து திரும்பிப் பார்த்தால், கொழும்பிலிருந்து பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குப் போகும் ஏ-4 வீதி தெரிகிறது. அம்பாறைக் கரையில் அந்த வீதியோரமாகவே ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் வீடும் தோட்டமும் டீசலும். அறுவடை முடிந்ததும் மேற்கே வைக்கோல் எரியும். மாலையானால் வளவுக்கு வளவு குப்பை எரியும். பூ விரியும் அதே நேரத்தில், காற்று தரையோடு படியும் அதே நேரத்தில், அந்தப் புகையும் அதே தாழ்ந்த படைக்குள் அடைபடுகிறது. புடோல் பூவின் மணமும் குப்பைப் புகையும் ஒரே அறைக்குள் பூட்டப்பட்டது போல.

இதில் ஊர்ப் பிரிவினையும் இல்லை. எல்லை தொடர்பாக இங்கே எத்தனையோ கூட்டங்கள் நடந்துவிட்டன. தமிழ்ப் பகுதியில் எரித்த குப்பையின் புகை முஸ்லிம் பகுதிப் பந்தலுக்கு வரும். இங்கே எரித்தது அங்கே போகும். தேசங்களுக்கும் அப்படியே. 2022 டிசெம்பரில், வங்கக்கடலில் சூறாவளி நின்ற நாட்களில், நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த மாசு இலங்கையின் வானத்தை மூடியது. டிசெம்பர் 9ஆம் திகதி பாடசாலைகளே மூடப்பட்டன. பிள்ளைகளின் மூச்சுக்காக வீடுகளில் அடைந்திருந்தோம். அந்துப்பூச்சிக்கு அடைய வீடில்லை.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. குப்பையையும் சருகையும் எரிக்காமல் உக்கவைப்பது முதலாவது. எரித்தே தீர வேண்டுமென்றால், பொழுதுபட்ட பிறகு எரிக்காதிருப்பது. கடை முன்னால் நிற்கும் வாகனத்தின் எஞ்சினை நிறுத்துவது. தேனீக்களைக் காப்பாற்ற மாலையில் மருந்தடியுங்கள் என்பது நல்ல அறிவுரைதான். ஆனால் புடோலுக்கும் சுரைக்கும் உதவி வருவதே மாலைக்குப் பிறகு என்பதை மறக்கக் கூடாது. மணப்பாதை குட்டையாகிவிட்டதென்றால் பூவையும் பூச்சியையும் நெருக்கமாக வைக்க வேண்டும். தகரத்துக்கும் மதிலுக்கும் பதிலாக, ஒரு பக்கமாவது பூக்கும் வேலி. மருதோண்டி, முருங்கை, வேம்பு, கரையோரம் தாழை. சாய்ந்தமருது, மருதமுனை என்று மருத மரத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊர்கள் நாங்கள். பெயரில் இருக்கும் மரத்தை வீதியோரத்திலும் நடலாம்.

டீச்சர் வீட்டு வேலி

இவ்வளவையும் படித்துவிட்டு உம்மாவிடம் போனேன். வாகனம் ஓடாவிட்டால் பூ கூடுதலாக மணப்பதில்லை, பூ விடும் மணம் அறுபடாமல் கூடுதல் தூரம் வருகிறது என்று சொன்னேன். 2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்த பிறகும், 2022இல் எரிபொருள் இல்லாத நாட்களிலும், எங்கள் வீதியில் டீசல் புகை ஏறக்குறைய இல்லை. அந்த இரவுகளில் பார்னசீனும் லினலூலும் கடப்படி வரை பிழைத்து வந்திருக்கக் காரணம் இருக்கிறது. உம்மாவின் மூக்கு பொய் சொல்லவில்லை.

“அப்ப பிரச்சினைக் காலத்துலயும் அதுதானே” என்றேன். “ஊரடங்கு, வீதியில ஒண்டும் ஓடாது.”

உம்மா கொஞ்சம் யோசித்தார்.

“அதுவும்தான். ஆனா அந்த நேரம் பூவ ஆரு பறிச்ச?”

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். பழைய மல்லிகை கிணற்றடியில் இருக்கவில்லை. பாண்டிருப்புப் பக்க வேலியோரம் படர்ந்திருந்தது. வேலிக்கு அப்பால் ஒரு தமிழ் டீச்சரின் வீடு. ஒவ்வொரு காலையும் டீச்சரின் மகள் வேலிக்கு மேலால் கை நீட்டி மொட்டுகளைப் பறித்துப்போவாளாம், கோயிலுக்கும் தலைக்கும். உம்மம்மா ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நோன்புக் கஞ்சி அந்த வேலியால் அங்கே போகும், பொங்கல் இங்கே வரும். 1990இல் அந்த வீட்டார் ஒரே இரவில் போய்விட்டார்கள். அதன்பிறகு மொட்டுகளைப் பறிக்க ஆளில்லை. எல்லா மொட்டும் செடியிலேயே விரிந்தன. ஊரடங்கு இரவுகளில், விளக்கை அணைத்து யன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்த வீட்டுக்குள்ளே அந்த மணம் வந்து நிறைந்ததாம்.

“மூச்சு முட்டும் மகள். அவ்வளவு மணம்.”

என் கணக்கில் நான் விட்டிருந்த பகுதி அது. காற்றை அளந்த நான், பறிக்கும் கையை மறந்திருந்தேன். அந்த இரவுகளில் மணம் கூடியதற்குப் புகை இல்லாதது ஒரு காரணம். அயலவர் இல்லாமற்போனது மற்றக் காரணம்.

அந்த வேலியையும் மல்லிகையையும் 2004 டிசெம்பர் 26இல் கடல் கொண்டுபோனது. கிணற்று நீர் உவர்த்தது. அது மாறிய பிறகு உம்மா எங்கிருந்தோ ஒரு கொடி வாங்கிவந்து கிணற்றடியில் நட்டதுதான் இன்றைய பந்தல். டீச்சர் வீட்டார் திரும்பி வரவில்லை.

யுத்தத்தைக் கண்ட எங்களுக்கு அமைதியான வீதி என்றாலே கொஞ்சம் பயம்தான். இதுவரை பூ மணம் கடப்படிக்கு வந்த மூன்று முறையும் ஊர் முடங்கியிருந்தது. ஒரு முறை துப்பாக்கிக்குப் பயந்து, ஒரு முறை நோய்க்குப் பயந்து, ஒரு முறை வறுமையில். வீதியில் ஆட்கள் நடமாட, கடைகள் திறந்திருக்க, பிள்ளைகள் ரியூசன் முடிந்து சைக்கிளில் வர, அந்த நேரத்தில் மல்லிகை ஒழுங்கை வரை மணக்க வேண்டும். அதற்கான இரசாயனம் சாத்தியமானதுதான்.

போன மாதம் தொடக்கம் எங்கள் வளவில் சருகு எரிப்பதை நிறுத்திவிட்டோம். கிணற்றடிக்குப் பின்னால் ஒரு குழி வெட்டி உக்கவைக்கிறோம். மல்லிகையின் பாதி மொட்டுகளை இப்போது காலையில் பறித்து, பாண்டிருப்பிலிருந்து வரும் ஒரு பிள்ளையிடம் உம்மா கொடுத்துவிடுகிறார். மீதிப் பாதியை இரவுக்கு விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார்.